மண்வீட்டில் ஓர் இரவு

நுழையும்முன்

வீடு என்றவுடன் செங்கல், சிமெண்டு, கம்பி ஆகியவை நினைவுக்கு வருவது இன்று இயல்பாகிவிட்டது. இவை பரவுவதற்கு முன்பும் மக்கள் இதே வெயிலிலும் மழையிலும் வாழ்ந்தனர். அவர்களது கட்டடக்கலை அறிவை இன்றைய அறிவியலோடு இணைத்துச் சோதித்துப் பார்க்கும் ஊர் ஒன்று தமிழகத்திலேயே உள்ளது. அங்கு ஓர் இரவு தங்குபவர் எவற்றையெல்லாம் உணரலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மண்டபத்துத் தரை

முழுநிலவு நாளில் திருவண்ணாமலையை வலம்வருவோர் பல இலட்சம் பேர். 14 கிலோமீட்டர் நடந்து களைத்தவர்களில் பலர் விடுதியைத் தேடுவதில்லை. வழியிலுள்ள கல்மண்டபம் ஒன்றில் துண்டை விரித்துப் படுத்துவிடுகின்றனர். சித்திரை மாதத்தில் அவ்வாறு படுத்தவர்களுக்குக் கட்டடவியல் நூல் எதுவும் படிக்காமலேயே ஓர் உண்மை தெரியும். நாள் முழுதும் வெயிலில் கிடந்த வெளிப்பிரகாரக் கல் முன்னிரவிலும் சுடும். மண்டபத்தினுள் நிழலிலேயே கிடந்த கல்லோ முதுகுக்கு இதமாக இருக்கும். ஊரும் ஒன்றே, நாளும் ஒன்றே, கல்லும் ஒன்றே. வேறுபாடு நிழலால் விளைந்தது.

கல், மண் போன்ற கனமான பொருள்கள் வெப்பத்தை மெல்ல வாங்கி, மெல்ல வெளிவிடும் இயல்புடையவை. ஓர் அடிக்கு மேற்பட்ட பருமனுள்ள சுவரின் வெளிப்புறத்தில் நண்பகலில் ஏறும் வெப்பம் உட்புறத்தை வந்தடையப் பல மணிநேரம் ஆகும். வருவதற்குள் அதன் வலிமையும் குறைந்துவிடும். 217 அடி உயரமுள்ள அண்ணாமலையார் கோவில் இராசகோபுரத்தின் நுழைவாயிலில் உச்சிவேளையில் நிற்பவர்கள் அங்கிருந்து நகர மனமின்றி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்று எழும் வீடுகளின் நிலை வேறு. ஐந்து அங்குலக் கான்கிரீட்டுத் தளம் பகல் முழுதும் வெயிலை உறிஞ்சுகிறது. மாலையில் அவ்வெப்பம் தளத்தின் அடிப்பகுதியை அடைந்து, உறங்க முயல்வோர்மீது இறங்குகிறது. மின்விசிறி அந்தச் சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு மேலே செல்வது தமிழகத்துக் கோடையின் வாடிக்கை. மேலே செல்ல மாடியில்லாதவர்களும், குளிர்சாதனம் வாங்க இயலாதவர்களும் விடியும்வரை புரண்டு கிடக்க வேண்டியதுதான். கட்டடத்தைப் பற்றிய ஆய்வு அழகைப் பற்றியது மட்டுமன்று என்பதற்கு இந்த உறக்கமின்மை போதிய சான்று.

பாலையாகத் திரிந்த மேடு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால், புதுச்சேரிக்கு வடக்கே விழுப்புரம் மாவட்டத்தின் செம்மண் மேட்டில் ஆரோவில் உள்ளது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அதற்கு விளக்கம்போல் அமைந்த நிலம் இது. முன்பு காடாக இருந்த அவ்விடத்தில் மரங்கள் வெட்டப்பட்டபின், ஒவ்வொரு மழைக்காலத்திலும் மேல்மண் அரித்துக் கடலுக்குச் சென்றது. எஞ்சியவை பிளவுபட்ட ஓடைகளும், ஆங்காங்கே பனைமரங்களும், நடுவில் ஓர் ஆலமரமுமே.

அருகிலுள்ள இரும்பை, ஞானசம்பந்தரின் பாடல்பெற்ற தலம். அவ்வூரில் தவமிருந்த கடுவெளிச் சித்தர், ஆடல்மகள் ஒருத்தியின் கழன்ற சிலம்பை எடுத்து அணிவித்ததற்காக ஊரார் எள்ளினர் என்றும், அவர் சினந்து சபிக்கவே நிலம் வறண்டது என்றும் அப்பகுதி மக்கள் கதை சொல்வர். தொலைநாட்டவர் வந்து அந்நிலத்தை மீண்டும் பசுமையாக்குவர் என்பது கதையின் பிற்பகுதி. நிலத்தை வறளச் செய்தது சாபமன்று, கோடரி என்பதை ஆய்வாளர் அறிவர். ஆயினும், தம் நிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்னும் நினைவை ஊரார் கதையாகப் பொதிந்து வைத்திருந்தது வியப்புக்குரியது.

1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண், தாமரை மொட்டு வடிவிலமைந்த கலத்தில் இடப்பட்டு ஆரோவில் தொடங்கப்பட்டது. 50,000 பேர் வாழத்தக்க நகரமாக, சுழலும் விண்மீன் கூட்டத்தின் வடிவில், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் அதனைத் திட்டமிட்டார். வரைபடம் அவ்வாறிருக்க, வந்து சேர்ந்தவர்களுக்கு முதலில் தேவைப்பட்டவை நிழலும் நீருமே. வரப்புகள் எழுப்பி மழைநீரைத் தடுத்தனர். இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மரங்களை நட்டனர். சவுக்குக் கழிகளும் கீற்றும் கொண்டு சுற்றுவட்டாரக் கிராமங்களின் முறையிலேயே குடிசைகள் அமைத்து அவற்றில் தங்கினர். அவ்வகையில் இச்சோதனை நகரின் முதல் கட்டடக்கலை ஆசான்கள் வானூர் வட்டாரத்து உழவர்களே எனலாம்.

சுடாத கல்

ஆரோவில்லில் பலவகைக் கட்டடங்கள் உள்ளன. கம்பிவலையில் சிமெண்டுக் கலவை பூசி மெல்லிய ஓடுகளாக வார்த்தவை சில. மூங்கிலால் ஆனவை சில. இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது மண்கட்டடமே. 1989 இல் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக வளர்ந்த ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் இத்துறையில் உலகின் பல நாட்டினருக்கும் பயிற்சி அளித்துவருகிறது.

அங்குச் செய்யப்படும் மண்கல், சூளையில் சுடப்படுவதில்லை. வீடு கட்டும் இடத்திலேயே மண் தோண்டப்படுகிறது. பயிர் வளர்வதற்குரிய மக்குச் செறிந்த மேல்மண் முதலில் தனியே எடுத்துவைக்கப்பட்டு, பின்னர்த் தோட்டத்திற்குச் செல்கிறது. அடிமண்ணே கல்லாகிறது. அதனைச் சலித்து, நூற்றுக்கு 5 பங்கு அளவில் சிமெண்டு சேர்த்து, சிறிது ஈரமாக்கி, கையால் இயக்கும் அழுத்துப்பொறியில் இட்டு நெம்புகோலை இருவர் இழுக்கின்றனர். வெளிவரும் கல்லை நான்கு வாரம் ஈரம் காயாமல் காக்க வேண்டும். விறகில்லை, புகையில்லை, நெடுந்தொலைவு வண்டியேற்றும் செலவில்லை. மண் எடுத்த பள்ளம் மழைநீர்த் தொட்டியாகவோ நிலவறையாகவோ பயன்படுகிறது.

கூரைதான் கடினமான பகுதி. கம்பியும் கான்கிரீட்டும் இன்றி ஓர் அறையை எவ்வாறு மூடுவது? எகிப்தின் தென்பகுதியான நூபியாவில், மரச்சாரம் கட்டாமலேயே பச்சைமண் கற்களைச் சற்றுச் சாய்வாக ஒட்டிஒட்டி வளைகூரை எழுப்பும் முறை பண்டுதொட்டு இருந்தது. மறைந்துகொண்டிருந்த அம்முறையை இருபதாம் நூற்றாண்டில் மீட்டவர் ஹசன் ஃபாத்தி என்னும் எகிப்தியக் கட்டடக் கலைஞர். ஆரோவில் கொத்தனார்கள் அம்முறையை மேலும் வளர்த்து, பத்து மீட்டருக்கு மேல் அகலமுள்ள கூடத்தையும் வளைகூரையால் மூடியுள்ளனர். வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அழுத்துமேயன்றி இழுக்காது. அழுத்தத்தைத் தாங்குவது மண்ணின் இயல்பு. இழுவைக்கு அது பிளந்துவிடும். எனவே, பொருளின் குறையறிந்து வடிவத்தைத் தேர்ந்தனர் என்பதே இதன் நுட்பம்.

மண்வீடு நிலநடுக்கத்தைத் தாங்குமா என்னும் ஐயம் எழும். வெறும் மண்சுவர் தாங்காது. துளைகளோடு வார்த்த மண்கற்களை ஒன்றோடொன்று பொருத்தி, துளைகளில் இரும்புக் கம்பிகளைச் செலுத்திக் கட்டும் முறை 2001 ஆம் ஆண்டு குஜராத் நிலநடுக்கத்திற்குப்பின் கட்சுப் பகுதியின் மறுகட்டுமானத்தில் கையாளப்பட்டது.

விளக்கணைத்த பின்

ஆரோவில்லில் பார்வையாளர் தங்குவதற்கு விருந்தினர் இல்லங்கள் பல உள்ளன. பகலில் வந்து படமெடுத்துத் திரும்புவோர் காண்பது வடிவத்தை மட்டுமே. தங்குபவர் முதலில் உணர்வது ஒலியின் மாற்றம். பருத்த மண்சுவர் வெளியோசையை அடக்கிவிடுகிறது. வளைகூரையின்கீழ்த் தாழ்ந்த குரலும் முழங்குகிறது. அடுத்து உணர்வது காற்று. சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு திறப்பும் உச்சியில் ஒரு திறப்பும் இருப்பின், சூடான காற்று மேலே ஏறி வெளியேற, மரங்களினூடே வரும் குளிர்காற்று கீழிருந்து நுழைகிறது. அதே வழியில் கொசுவும் வருமாதலால் வலை கட்டாமல் உறங்க இயலாது!

இங்கு ஒரு நுட்பத்தை மறக்கலாகாது. அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில் ஆர்கோசாந்தி என்னும் சோதனை நகர் உள்ளது. இத்தாலியில் பிறந்த பாவ்லோ சொலேரி 1970 இல் அதனைத் தொடங்கினார். மண்ணை மேடாகக் குவித்துச் செதுக்கி, அதன்மேல் கான்கிரீட்டு ஊற்றி, இறுகியபின் மண்ணைத் தோண்டி எடுத்து மாடங்களை உருவாக்கினர். தெற்கு நோக்கிய அரைக்கோள மாடம், தாழ்ந்து வரும் குளிர்காலக் கதிரை உள்ளே விட்டு, உயர்ந்து நிற்கும் கோடைக் கதிரைத் தடுக்கிறது. வெண்கல மணிகளை வார்த்து விற்றும், விருந்தினரைத் தங்கவைத்தும் அந்நகர் தன் செலவை ஈட்டிவருகிறது. பாலையில் பகல் கொதிக்கும், இரவு நடுக்கும். அங்குப் பகலில் சேர்ந்த வெப்பத்தை இரவில் தரும் பருத்த சுவர், குளிருக்குப் போர்வையாகிறது.

நம் கடற்கரைப் பகுதியில் அவ்வாறன்று. இரவிலும் புழுக்கம் குறையாத இடத்தில், வெயில்பட்ட பருத்த சுவர் துணைசெய்வதற்கு மாறாகத் துன்புறுத்தக்கூடும். ஆகவே இங்கு மண்சுவருக்கு நீண்ட இறவாரமும், மரநிழலும், காற்றுவழியும் இன்றியமையாதவை. 1930களின் இறுதியில் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட கோல்கொண்டா தங்குமிடத்தில் அந்தோனின் ரேமண்டு கண்ணாடிச் சன்னல்களையே விடுத்து, சுவர் முழுதும் சாய்த்துத் திருப்பத்தக்க பலகைகளை அமைத்தது இக்காரணம் பற்றியே. அண்ணாமலை அடிவாரத்தில் காற்று அவ்வளவு ஈரமானதன்று. அங்குப் பருத்த சுவர் மிகுந்த பயன்தரும். ஒரே மாவட்டத் தொலைவுக்குள் வீட்டின் இலக்கணம் மாறிவிடுகிறது.

யாருக்கான வீடு?

சோதனை நகர்களின் கணக்கு எளிதில் நேராவதில்லை. ஆர்கோசாந்தி 5000 பேருக்கென எண்ணப்பட்டது. அங்கு வாழ்வோர் நூறு பேரை எட்டுவதே அரிது. ஆரோவில்லில் 50,000 பேருக்கான திட்டத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேரே உள்ளனர். 2021 இறுதியில் நகர்த்திட்டத்திற்குரிய சாலைக்காக மரங்கள் அகற்றப்பட்டபோது, நட்டு வளர்த்த காடா, வரைந்து வைத்த நகரா என்று அங்கு வாழ்வோரிடையே கருத்து மோதல் எழுந்து, வழக்கு பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. எகிப்தில் ஹசன் ஃபாத்தி 1940களில் எழுப்பிய புதிய கூர்னா என்னும் மண் ஊருக்கும், யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களில் பலர் குடியேற மறுத்துவிட்டனர்.

மண்கற்களை அடுக்கும் கொத்தனார்களிலும் சித்தாள்களிலும் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்தினர். அவர்களில் பலர் தமக்கென வீடு கட்டும்போது கான்கிரீட்டுத் தளத்தையே விரும்புகின்றனர். அதனை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அக்கரையைத் தாக்கியபோது கீற்றுக் கூரைகள் பறந்தன; ஆரோவில்லின் மரங்களும் பெருமளவில் சாய்ந்தன. தீயும் புயலும் கறையானும் கண்டவருக்குத் தளம்போட்ட வீடு என்பது பாதுகாப்பு. மாடியில்லா வீட்டுக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் ஊரில் அது மதிப்பும்கூட. குளிர்ச்சியோடு அம்மதிப்பையும் உறுதியையும் மண்வீடு தரும்வரை, அது விருந்தினர் ஓரிரவு தங்கி வியக்கும் வீடாகவே இருந்துவிடக்கூடும்.

இன்று அண்ணாமலையின் அடிவாரத்திலும் மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு வீடெழுப்பக் கற்றுத்தரும் குழுக்கள் இயங்குகின்றன. கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த முதிய கொத்தனார்களின் கைப்பழக்கம் இவ்வகையில் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது.

ஒரு நிலத்தின் மண் கட்டடத்திற்கு ஏற்றதா என்று அறிய அவர்கள் செய்யும் முதற்சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கண்ணாடிப் புட்டியில் கால்பங்கு அடிமண்ணை இட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி அசையாமல் வைத்துவிட வேண்டும். சரளையும் மணலும் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும். வண்டல் அதன்மேல் மெல்லப் படியும். ஏறத்தாழப் பாதி மணலும் ஐந்தில் ஒரு பங்கு களிமண்ணும் இருந்தால் மண்கல்லுக்குச் சிறப்பு. களிமண்ணின் அளவை மட்டும் உடனே காண இயலாது. நீர் தெளிந்து அது படிந்து முடிய மறுநாள் காலை ஆகிவிடும்.