ஸ்கிரீன் பிரிண்டிங்: டேப் வாங்குவதற்கு முன்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு, துணிப்பையில் பெயர் அச்சடித்துக் கொடுக்கும் வேலையை நம் பகுதியில் சில குடும்பங்கள் வீட்டிலேயே தொடங்கின. நிக்காஹ் வீட்டுப் பை, மதரஸா ஆண்டு விழாப் பை, கடைகளுக்கு விளம்பரப் பை என்று ஆர்டர்களும் வருகின்றன. நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனில் மேஜை, ஸ்கிரீன், மை வாங்கியவர்களும் இவர்களில் உண்டு.

அப்படி ஒரு வீட்டில் இரண்டு மாதமாகத் தவணை வரவில்லை. விசாரிக்கப் போனோம். அந்தச் சகோதரி பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு கட்டுப் பைகளை எடுத்து வந்து எங்கள் முன்னால் வைத்தார். வலிமாவுக்கு 300 பை ஆர்டர். அதில் 42 பைகளில், மணமக்கள் பெயருக்குக் கீழே ஓரமாக ஒரு நீலக் கோடு விழுந்திருந்தது. கணவர் அச்சடித்துத் தர, இவர் வாங்கி வாங்கிக் காயப்போட்டிருக்கிறார். இருவருமே கவனிக்கவில்லை. பை ஒன்று 22 ரூபாய் என்றால் 924 ரூபாய் நஷ்டம். விருந்துக்கு முதல் நாள் புதுப் பை வாங்க அலைந்தது தனி. அடுத்த ஆர்டரும் அந்த வீட்டாரிடமிருந்து வரவில்லை.

காரணம் டேப். வீட்டில் பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய மாஸ்கிங் டேப்பை ஸ்கிரீனில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் மிச்சமானது முப்பது ரூபாய்கூட இருக்காது.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மரத்திலோ அலுமினியத்திலோ செய்த பிரேமில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். வலையில் எமல்ஷன் தடவி, எழுத்து வரவேண்டிய இடத்தை மட்டும் திறந்துவைப்பார்கள். ஸ்குவீஜி எனும் ரப்பர் கட்டையால் மையை இழுத்தால், திறந்த இடம் வழியாக மை கீழே இறங்கி அச்சாகும். ஆனால் எமல்ஷன் பிரேமின் விளிம்பு வரை போவதில்லை. சுற்றிலும் ஒரு அங்குலமாவது வெறும் வலையாகவே இருக்கும். மை எப்படியும் அங்கே போய்ச் சேரும். அந்த இடத்தை அடைப்பதுதான் டேப்பின் வேலை. வலைக்கும் பிரேமுக்கும் நடுவிலுள்ள சந்தில் மை புகாமலும் அதுவே காக்க வேண்டும். சந்தில் புகுந்த மை கழுவினாலும் முழுதாகப் போகாது. அடுத்த வாரம் வேறு நிறம் போடும்போது கசிந்து வெளியே வரும்.

எந்த டேப் என்ற கேள்விக்கு, எந்த மை என்று கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

துணிப்பைக்கு நம்மவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது தண்ணீரில் கரையும் மை. இதற்குக் காகித டேப் கூடவே கூடாது. மாஸ்கிங் டேப் 1925இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர், கார்களுக்கு இரண்டு நிறம் அடிக்கும் பெயின்டர்களுக்காக உருவாக்கியது. ஒட்டி, பெயின்ட் அடித்து, சீக்கிரம் சுத்தமாக உரித்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதனால் பசையும் லேசாகத்தான் இருக்கும். அதன்மேல் ஈர மையை நூறு தடவை இழுத்தால் காகிதம் ஊறி ஓரம் கிளம்பும். அந்த வீட்டில் நடந்தது இதுதான். முதல் நூறு பை நன்றாக வந்ததால் சந்தேகமே வரவில்லை.

தண்ணீர் மைக்கு, அட்டைப்பெட்டி ஒட்டும் சாதாரண இரண்டு அங்குல பிளாஸ்டிக் டேப்பே போதும். பிரவுன், வெள்ளை எதுவானாலும் சரி. ஒரே நாளில் அச்சடித்து அன்றைக்கே உரித்துவிடுபவர்கள் இதற்கு மேல் செலவு செய்ய வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. மறுநாளைக்கு வைத்துக்கொண்டால்தான் வம்பு. நம்மூர் வெயிலில், தகர ஷீட் போட்ட மாடி அறையில் ஒரு வாரம் கிடந்தால், உரிக்கும்போது பிளாஸ்டிக் மட்டும் கையோடு வரும், பசை வலையிலேயே தங்கிவிடும்.

டி-ஷர்ட்டுக்குப் போடும் பிளாஸ்டிசால் மையில் ஈரத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவில் ஹீட்டரைக் காட்டுவார்கள். அந்தச் சூட்டில் மட்டமான பசை இளகி, டேப் நகரும். வாரம் முழுக்க ஒரே ஸ்கிரீனில் வேலை செய்பவர்கள் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கென்றே விற்கும் டேப்பை வாங்குவது நல்லது. விலை அதிகம்தான். பசை பின்தங்காமல் உரிந்து வருவதற்குத்தான் அந்த விலை.

ஸ்டிக்கருக்கும் பிளாஸ்டிக் பொருள்களுக்கும் பயன்படும் தின்னர் கலக்கும் மை வேறு ரகம். தின்னர் சாதாரண டேப்பின் பசையையே கரைத்துவிடும். கரைந்த பசை மையோடு சேர்ந்து அச்சில் இழுபடும். இதற்குத் தின்னர் தாங்கும் டேப் என்று கேட்டு வாங்க வேண்டும். அந்தக் காலத்து அச்சகங்களில் தண்ணீர் தொட்டு ஒட்டும் பிரவுன் காகித டேப் வைத்திருப்பார்கள். அதன் பசை தண்ணீரில்தான் கரையும், தின்னரில் கரையாது. அதனால் இந்த மைக்கு அது இன்றும் உதவும். தண்ணீர் மைக்கு அதையே போட்டால் பத்துப் பைக்குள் கழன்று வரும்.

கடையில் விலையை மட்டும் பார்க்காமல் மீட்டரையும் கேளுங்கள். நம்மூரில் பரவலாகக் கிடைக்கும் பெரிய ரோல் 48 மில்லிமீட்டர் அகலம், 65 மீட்டர் நீளம். மலிவு ரோல் பார்க்க அதே பருமனாக இருக்கும், ஆனால் உள்ளேயிருக்கும் அட்டை தடித்து, டேப் குறைவாகச் சுற்றியிருக்கும். உள்பக்கம் 20க்கு 24 அங்குலமுள்ள ஸ்கிரீனைச் சுற்றி ஒட்ட 88 அங்குலம், அதாவது சுமார் இரண்டேகால் மீட்டர் வேண்டும். 65 மீட்டர் ரோலில் 28 ஸ்கிரீன் ஒட்டலாம். 40 மீட்டர் ரோலில் 17தான். விலையை மீட்டரால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும்.

ஒட்டும் முறையிலும் கவனம் வேண்டும். ஸ்கிரீன் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பிரேமில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. டேப்பை நீளவாக்கில் மடித்து, பாதி பிரேமின் மரத்திலும் பாதி வலையிலும் படும்படி மூலையை நன்றாக அழுத்தி ஒட்டுங்கள். வலையில் படும் பகுதி எமல்ஷன் மேல் கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டும். கடைசி நுனியை அரை அங்குலம் மடித்துவிட்டால் உரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை. நடுவில் ஊசி முனையளவு ஓட்டைகள் தெரிந்தால் துணி படும் பக்கத்தில் சிறு துண்டு ஒட்டலாம். எழுத்துக்கு மிக அருகில் மட்டும் வேண்டாம். டேப்பின் தடிப்பு ஸ்கிரீனைத் தூக்கிவிடும், எழுத்தின் ஓரம் மங்கும்.

அடுத்தது டேப் ஸ்டாண்டு. இதை வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. பல்லால் கடித்து டேப் கிழிப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். ஒரு கையில் ஸ்கிரீன் இருக்கும்போது மறு கையால் மட்டும் டேப்பை இழுத்து அறுக்க முடிய வேண்டும். அதற்கு மேஜை விளிம்பில் திருகி மாட்டும் ஸ்டாண்டு சிறந்தது. மேஜைமேல் வைக்கும் வகை என்றால் அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இழுக்க இழுக்க ஸ்டாண்டும் கூடவே வரும். பெரிய ரோலின் நடு ஓட்டை மூன்று அங்குலம். ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகளுக்கு விற்கும் சின்ன ஸ்டாண்டு ஒரு அங்குல ஓட்டைக்கானது, அதில் இது ஏறாது.

பெட்டி ஒட்டும் துப்பாக்கி வடிவ டேப் கட்டரை இந்த வேலைக்கு நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. அது பெட்டியின் மேலேயே அழுத்தி அறுக்கச் செய்தது. வலைமேல் அதன் பற்கள் பட்டால் வலை கிழிந்துவிடும், புது வலை கட்டும் செலவில் பத்து ரோல் வாங்கலாம். பிளேடால் வலைமேல் வைத்து அறுப்பதும் அப்படித்தான். எந்த ஸ்டாண்டு வாங்கினாலும் பற்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். ரோலைத் தரையில் போட்டால் ஓரத்தில் பஞ்சும் மண்ணும் ஒட்டிக்கொள்ளும், அங்கே கசிவு வரும்.

வேலை முடிந்ததும் முதலில் மையை வழித்தெடுங்கள், பிறகு டேப்பைத் தாழ்வாக, மெதுவாக உரியுங்கள், அதன் பிறகே கழுவுங்கள். பசை தங்கியிருந்தால் எமல்ஷன் எடுக்கும் மருந்து அதற்குக் கீழே இறங்காது, அந்த இடம் திட்டாக நிற்கும். பசையை எடுக்க மண்ணெண்ணெயோ தின்னரோ தொடுபவர்கள் அடுப்பங்கரையில் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

புது டேப்பை நம்பி ஆர்டரில் இறங்குவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. பழைய வலைத்துண்டு ஒன்றில் அந்த டேப்பை ஒட்டி, நீங்கள் பயன்படுத்தும் மையை மேலே தடவி, ஒரு மணி நேரம் கழித்து ஓரம் கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு துண்டை ஒட்டி வெயிலில் இரண்டு நாள் போட்டு உரித்துப் பாருங்கள். அந்தச் சகோதரி இப்போது ஒவ்வொரு ரோலுக்கும் இதைச் செய்கிறார். கூடவே, இருபது பைக்கு ஒரு தடவை கணவரை நிறுத்தச் சொல்லி, ஸ்கிரீனைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கிறார்.