பூட்டிய கம்ப்யூட்டரை மற்றவர்கள் 'ஆப்' செய்யாமல் தடுப்பது எப்படி?

சென்னை:-

கம்ப்யூட்டரை பாஸ்வேர்டு போட்டு பூட்டி விட்டால் அதில் யாரும் கை வைக்க முடியாது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் பைலை பார்க்க முடியாது, அவ்வளவுதான். பாஸ்வேர்டு தெரியாத ஆள்கூட அதை ஒரு நொடியில் 'ஷட்டவுன்' செய்து விடலாம்.

கல்யாண வீடியோ மிக்சிங் செய்யும் கடைகளில் இது பெரிய தலைவலி. முகூர்த்த சீசனில் வேலை குவியும். எடிட்டிங் முடித்து 'ரெண்டரிங்' போட்டால் பழைய கம்ப்யூட்டரில் பல மணி நேரம் ஓடும். அதனால் ராத்திரியில் ஓட விட்டு, விண்டோஸ் கீயுடன் 'எல்' எழுத்தை அழுத்தி பூட்டி விட்டு ஊழியர் வீட்டுக்கு போவார். காலையில் வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கும். பாதியில் நின்ற வேலையை பெரும்பாலும் முதலில் இருந்து ஓட்ட வேண்டும். பார்ட்டி வாசலில் நிற்பார். திட்டு வாங்குவது ஊழியர்தான். சில இடங்களில் சம்பளத்திலும் பிடித்து விடுவார்கள்.

வேண்டாதவன் செய்த வேலை என்று சண்டை கிளம்பும். ஆனால் பல நேரங்களில் சதி எதுவும் இருக்காது. "கரண்ட் பில் ஏறுது, எல்லாத்தையும் ஆப் பண்ணிட்டு போ" என்று முதலாளி சொன்னதை கேட்டு வாட்ச்மேனோ, பெருக்க வந்த அம்மாவோ அணைத்திருப்பார்கள். மானிட்டர் இருட்டாக இருந்தால் சும்மா கிடக்கிறது என்றுதானே தோன்றும்!

கோளாறு எங்கே?

விண்டோஸ் 10, 11-ல் பூட்டிய திரையின் வலது பக்க கீழ் மூலையில் பவர் படம் ஒன்று இருக்கும். அதை தட்டினால் ஷட்டவுன் வரும். 'வேறு ஒருவர் வேலை செய்கிறார், சேமிக்காதது போய்விடும்' என்று எச்சரிக்கை காட்டும். ஆனால் 'பரவாயில்லை' என்று இன்னொரு தட்டு தட்டினால் கதை முடிந்தது.

இதை எடுத்து விட வழி உண்டு. ஸ்டார்ட் மெனுவில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' என்று தேடி திறக்க வேண்டும். அதில் 'லோக்கல் பாலிசீஸ்', அதற்குள் 'செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்'. அங்குள்ள நீண்ட பட்டியலில் 'ஷட்டவுன்' என்று ஆரம்பித்து, லாகான் செய்யாமலே சிஸ்டத்தை நிறுத்த அனுமதி தரும் வரி ஒன்று இருக்கும். அதை 'டிசேபிள்டு' ஆக்கினால் போதும்.

வீட்டு கம்ப்யூட்டரில் வரும் 'ஹோம்' பதிப்பில் இந்த மெனு கிடையாது. ரிஜிஸ்ட்ரியில் 'ஷட்டவுன் வித்தவுட் லாகான்' என்ற இடத்தில் 1-ஐ 0 ஆக மாற்ற வேண்டும். ரிஜிஸ்ட்ரியில் தப்பாக கை வைத்தால் விண்டோசே படுத்து விடும். தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

பவர் பட்டன்

அடுத்து பெட்டியில் உள்ள பவர் பட்டன். கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் 'டூ நத்திங்' வைத்து விடலாம். தெரியாமல் கை பட்டாலும் அணையாது. அங்கேயே 'ஸ்லீப்' நேரத்தையும் 'நெவர்' ஆக்கி விட வேண்டும். இல்லாவிட்டால் யாரும் தொடாமலே கம்ப்யூட்டர் தூங்கி விடும், வேலையும் நின்று விடும்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் பொறுப்பாளரிடம் கேட்காமல் இதையெல்லாம் மாற்றக்கூடாது. அதே கம்ப்யூட்டரில் தனி லாகின் வைத்திருப்பவர் தன் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் ஷட்டவுன் செய்யவும் முடியும்.

இவ்வளவு செய்தாலும் பவர் பட்டனை சில வினாடி விடாமல் அமுக்கி பிடித்தால் அணைந்து விடும். அதை எந்த செட்டிங்கும் தடுக்காது. பிளக்கை பிடுங்கினாலும் அப்படித்தான். யு.பி.எஸ். இருந்தாலும் சில நிமிடம்தான் தாங்கும். அதனால் அனுபவசாலிகள் "வேலை ஓடுது, ஆப் பண்ணாதீங்க" என்று பெரிதாக எழுதி, கீழே செல்போன் நம்பரும் போட்டு, மானிட்டரில் ஒன்றும் சுவிட்ச் பக்கத்தில் ஒன்றும் ஒட்டி விட்டுத்தான் கடையை விட்டு கிளம்புகிறார்கள்.