முந்திரித் தோப்புக் காவலுக்குத் தூளிப் படுக்கை

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் விருத்தாசலம் வட்டாரத்து முந்திரி விவசாயிக்கு இரவுத் தூக்கம் தோப்பில்தான். இரவெல்லாம் உதிரும் பழத்தை விடியற்காலையில் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுக்கும்வரை காவல் வேண்டும். ஒரு சாக்கை விரித்து, தலைத்துண்டைத் தலையணையாக மடித்து, தரையிலேயே படுத்துவிடுகிறோம்.

இந்தத் தரைப் படுக்கைதான் ஆபத்து. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இராது. எறும்பு கடித்தது என்று எண்ணித் திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடிவதற்குள் வயிற்று வலி வரும், இமை கனத்துத் தொங்கும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு திணறும். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் நம் நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

"என் பாட்டன் தரையில்தானே படுத்தார்?" என்று கேட்கலாம். படுத்தார், உண்மைதான். ஆனால் வசதியுள்ளவர்கள் அன்றே பரண் கட்டிக்கொண்டார்கள். பரணுக்கு மரமும் ஆளும் வேண்டும். தூளிப் படுக்கைக்கு ஒரு கெட்டித் துணியும் இரண்டு கயிறும் போதும். குழந்தைக்கு ஏணை கட்டத் தெரிந்த எவரும் இதைக் கட்டலாம்.

இந்தப் படுக்கையும் முந்திரியும் ஒரே சீமையைச் சேர்ந்தவை. முந்திரியை 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து இங்கே கொண்டுவந்தனர். அந்நாட்டுப் பழங்குடி மக்கள் மரத்துக்கு மரம் தூளி கட்டி உறங்கியவர்கள். 1492-ல் கொலம்பஸ் மேற்கிந்தியத் தீவுகளில் இறங்கியபோது அங்கும் இதைக் கண்டார். பின்னர் கப்பல் மாலுமிகளும் இதையே படுக்கையாக்கிக் கொண்டனர். மரம் வந்து பல நூறு ஆண்டுகள் கழித்தாவது படுக்கையையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

மரம் பார்த்தல்

தொடைப் பருமனுக்குக் குறையாத மரமோ தாய்க்கிளையோ வேண்டும். அடிமரத்தில் பிசின் வடிந்து, மரத்தூள் கொட்டிக் கிடந்தால் அது தண்டு, வேர்த் துளைப்பான் புகுந்த மரம். அதில் கட்ட வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் சாய்ந்து, பிறகு துளிர்த்த மரமானால் வேர் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே பட்டுப்போன கிளை இருக்கக் கூடாது.

கயிறு பட்டையை அறுக்காதபடி மரத்தில் சாக்குத் துணியை நான்கு விரல் அகலத்துக்கு மடித்துச் சுற்றி, அதன் மேல் கட்டுங்கள். பட்டை புண்ணானால் துளைப்பானுக்கு வழி விட்டதாகும். காலையில் சாக்கையும் அவிழ்த்துவிட வேண்டும்.

துணியும் கயிறும்

ஒன்பது அடி நீளம், ஐந்து அடி அகலமுள்ள கித்தான் அல்லது கெட்டியான ஜமுக்காளம் நல்லது. நைந்த சேலை, உரச் சாக்கு ஆகியவை ஆளைத் தாங்கா. துணியின் முனையைச் சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல் மடித்துச் சேருங்கள். சேர்த்த முனையை அரை அடி பின்னுக்கு மடக்கி, அந்த மடிப்பின் கழுத்தில் கயிற்றை உருவாஞ்சுருக்கிட்டு இறுக்குங்கள். மடிப்பு முடிச்சுபோல் நின்று, துணி உருவாமல் காக்கும். கயிறு சுண்டுவிரல் பருமனுக்குப் புதியதாக இருக்கட்டும். இற்றுப்போன கவலைக் கயிறு வேண்டாம். நைலான் கயிறு பாரத்தில் நீளும் என்பதால் முதல் நாள் ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

விறைப்பாகக் கட்டாதீர்கள்

பலரும் தவறுவது இங்கேதான். கட்டில்போல் மட்டமாக வர வேண்டும் என்று கயிற்றை இழுத்து விறைப்பாகக் கட்டுகிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் படுக்கும்போது, கயிறு 30 பாகைச் சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கக் கயிறும் 60 கிலோ இழுவையைத் தாங்கினால் போதும். 10 பாகையாக விறைத்துக் கட்டினால் அதே ஆளுக்கு ஒவ்வொரு கயிறும் 170 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். கயிறு அறுவதும் கிளை முறிவதும் இதனால்தான்.

சாய்வை அளக்கக் கருவி வேண்டாம். ஆள் படுத்திருக்கும்போது, நான்கு அடிக் கயிற்றின் மேல் முனை கீழ் முனையைவிட இரண்டு அடி உயரத்தில் இருந்தால் அதுவே 30 பாகை. மரங்களுக்கு இடையே 15 அடி இருந்தால் ஐந்தடி உயரத்தில் கட்டலாம். வி.ஆர்.ஐ. 3 போன்ற ஒட்டுக் கன்றுகளை ஏழு மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் இடைவெளி 23 அடி. அங்கே ஏழடிக்கு மேல், உறுதியான தாய்க்கிளையில் கட்ட வேண்டும்.

உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொட வேண்டும். அந்த உயரம் போதும். முதலில் மெதுவாக உட்கார்ந்து பாரம் கொடுத்துப் பார்த்த பிறகே காலைத் தூக்குங்கள். நேராகப் படுத்தால் முதுகு வளையும். சற்றுக் குறுக்காகப் படுத்தால் முதுகு மட்டமாகும். போர்வை தரையில் தொங்கக் கூடாது.

மேலே படுதா

12 அடிக்கு 10 அடிப் படுதா ஒன்று போதும். தூளிக் கயிற்றுக்கு ஒரு அடி மேலே முகட்டுக் கயிறு ஒன்றை விறைப்பாகக் கட்டுங்கள். இதில் ஆள் பாரம் இல்லாததால் விறைப்பு நல்லது. படுதாவை அதன் மேல் கூரைபோல் போட்டு, நான்கு மூலையையும் முளையடித்து இழுத்துக் கட்டுங்கள். காற்று வரும் பக்கம் தாழ்வாக இருக்கட்டும். தொய்வு இருந்தால் அங்கே நீர் தேங்கிக் கிழிக்கும்.

மூலையில் கண் கிழிந்துவிட்டதா? நெல்லிக்காய் அளவு கூழாங்கல்லை உள்ளே வைத்து, படுதாவோடு சேர்த்து அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிடுங்கள். விருத்தாசலத்துக்காரர்கள் கல் தேட வேண்டியதில்லை. பீங்கான் சூளையில் கழித்த வழவழப்பான உருண்டைத் துண்டு போதும். உடைந்த ஓரமுள்ள துண்டு படுதாவை அறுக்கும்.

மரத்திலிருந்து தூளிக் கயிறு வழியாக மழைநீர் இறங்கும். இதைத் தடுக்க, படுதாவின் விளிம்புக்கு உட்பட்ட இடத்தில் அந்தக் கயிற்றில் ஒரு முழக் கந்தல் துணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். நீர் அதன் வழியே சொட்டிவிடும், படுக்கை நனையாது. இன்னொரு கந்தலை வேப்பெண்ணெயில் நனைத்துக் கயிற்றில் சுற்றினால் எறும்பு வருவது குறையும்.

விடிந்ததும் படுதாவை அவிழ்த்துத் தரையில் விரித்தால் கொட்டை காயப் போடலாம். ஒரே படுதா இரவில் கூரை, பகலில் களம்.

மறக்கக் கூடாதவை

சித்திரை மழை இடியோடு வரும். இடிச் சத்தம் கேட்டதும் தூளியை விட்டு இறங்கி, கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியும் படுதாவும் மின்னலுக்குக் காப்பு ஆகா. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே திரும்புங்கள். ஒரு மூட்டை கொட்டைக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

இறங்கும் முன் டார்ச் அடித்துத் தரையைப் பாருங்கள். செருப்பை உதறி மாட்டுங்கள்.

கடித்தது என்ற சந்தேகம் வந்தாலே, வீக்கம் இல்லாவிட்டாலும், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

இந்தப் பருவத்துக் காவலுக்குப் போகும் முன், ஒரு பகல் பொழுதில் வீட்டுக் கொல்லையில் ஒருமுறை கட்டிப் பழகிக்கொள்ளுங்கள். இருட்டில் முதல் முடிச்சுப் போடுவது நல்லதல்ல.