விடுதி வாயிலும் சக்கர நாற்காலியும்

சக்கர நாற்காலியிற் செல்லும் ஒருவர், "வசதி உண்டா?" என்று விடுதியாரை வினவினால், "உண்டு" என்றே மறுமொழி கிடைத்தல் கூடும். சென்று பார்த்தாலோ குளியலறைக் கதவு நாற்காலியை உள்ளே விடாது.

ஆதலின் அளவுகளையே கேட்டறிதல் வேண்டும். கதவு திறந்த நிலையில் வழி 32 அங்குல அகலமேனும் உண்டா? உள்ளே நாற்காலியைத் திருப்புதற்கு 5 அடி வட்டமான வெற்றிடம் உண்டா? முன்வாயிற் சாய்தளம், ஓர் அடி உயரத்திற்கு 12 அடி நீளமேனும் உடையதா?

இலங்கையில் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006ஆம் ஆண்டில் வெளியாயின. 2009இல் உயர் நீதிமன்றம் அவற்றைப் புதிய கட்டடங்களிற் பின்பற்றுமாறு பணித்தது. பழைய விடுதிகளுக்குச் செல்வோர் இவற்றை முன்கூட்டியே விசாரித்தல் நன்று. கதவு இரண்டங்குலம் குறுகினாலும், தாமே நீராடக்கூடிய ஒருவர் பிறர் கையை எதிர்பார்த்திருக்க நேரிடும்.