உழைத்த பாதங்களுக்கு மூலிகை வெந்நீர்

காஞ்சிபுரம் ஜில்லாவில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவிலுக்குச் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். ஏரிப் பாசனத்தைக் கொண்டு சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் போகங்களில் நெல் விளைவித்து வந்த சுற்றுப்புறம் இது. 2010-ஆம் வருஷத்தில் ரெனோ–நிசான் மோட்டார்க் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் இங்கே வேலையைத் தொடங்கின. ஒரே வீட்டில் தகப்பனார் நடவு வயலிலும், குமாரன் தொழிற்சாலையிலும் பாடுபடுவது இப்பக்கத்தில் சகஜமாகிவிட்டது. தகப்பனாரின் கால்கள் பகல் முழுவதும் சேற்றில் ஊறுகின்றன. குமாரனின் கால்கள் கனத்த ஜோட்டினுள் வியர்வையில் ஊறுகின்றன. தொழில் வேறாயினும், பொழுது சாய்ந்து வீடு திரும்பியதும் இருவரும் சொல்லும் குறை ஒன்றே.

இக்குறைக்கு வீட்டிலேயே, அதிகச் செலவின்றிச் செய்துகொள்ளக்கூடிய பரிகாரம் மூலிகை வெந்நீரில் பாதங்களை ஊறவைப்பதாகும். ஆயினும் அது எவருக்கு நன்மை தரும், எவருக்குத் தீமை விளைக்கும் என்பதை அறிந்து செய்தல் அவசியம்.

பாதங்கள் கெடும் விதம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. உடலின் பாரம் முழுவதையும் தாங்குபவை இவையே. நெடுநேரம் அசையாது நிற்பவர்களுக்கு, இரத்தம் இருதயத்தை நோக்கி மேலேறுவது தாமதமாகிக் கணுக்கால்கள் வீங்குகின்றன. சேற்றிலும் வியர்வையிலும் ஊறிய தோல் வெளுத்து மிருதுவாகி, விரல் இடுக்குகளில் பிளக்கிறது. அப்பிளவுகளில் பூஞ்சக் கிருமிகள் பற்றிக்கொள்ளும்போது அரிப்பும் எரிச்சலும் உண்டாகின்றன. குடியானவர்கள் சேற்றுப்புண் என்று சொல்வது இதுவே. கோடையிலோ, தோல் வறண்டு குதிகாலில் பித்தவெடிப்பு காண்கிறது.

இவற்றை அற்ப உபாதைகள் என்று அசட்டை செய்யலாகாது. நடவு மும்முரத்தில் ஓர் ஆள் நான்கு நாள் படுத்துவிட்டால் நஷ்டம் இன்னதென்று மிராசுதாரர்கள் அறிவார்கள். மேலும், எலிகளின் மூத்திரம் கலந்த வயல் நீரிலுள்ள எலிக் காய்ச்சல் கிருமி, வெடிப்பு வழியாகவும் ஊறிய தோல் வழியாகவும் உடலினுட் புகக்கூடும். சேற்று வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், கைவைத்தியத்தில் காலம் போக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும்.

தயாரிக்கும் முறை

வேப்பிலை இரண்டு கைப்பிடி, நொச்சி இலை ஒரு கைப்பிடி, மருதாணி இலை ஒரு கைப்பிடி ஆகியவற்றை நன்றாகக் கழுவி, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் இட்டு, மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி சேர்த்து, ஒரு லிட்டராகச் சுண்டும்வரை கொதிக்கவிட வேண்டும். பிறகு இலைகளை வடிகட்டி நீக்கிவிட வேண்டும்.

இரண்டு பாதங்களும் கணுக்கால் வரையில் அமிழக்கூடிய அகன்ற பாத்திரத்தில் முதலில் 5 லிட்டர் பச்சைத் தண்ணீரை ஊற்றி, ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கரைத்து, அதன்பின் ஒரு லிட்டர் கஷாயத்தைச் சேர்க்க வேண்டும். இவ்வளவில் கலந்தால் நீர் ஏறக்குறைய 37 முதல் 40 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் நிற்கும். வெந்நீரை முதலில் ஊற்றிப் பின்பு விளாவும் வழக்கத்தால், அவசரத்தில் காலை வைத்துப் பொக்குளம் கண்டவர்கள் உண்டு. ஆகவே பச்சைத் தண்ணீரே முந்த வேண்டும். பாதத்தின் தோல் தடித்திருப்பதால் அது சூட்டைச் சரியாக அறியாது. முழங்கையை அமிழ்த்திப் பார்த்து, இதமாக இருந்தால் மட்டுமே கால்களை வைக்கலாம்.

ஊறவைக்குமுன் சேறும் அழுக்கும் போகச் சோப்பினால் கால்களைக் கழுவிக்கொள்வது முறை. பத்து முதல் பதினைந்து நிமிஷம் போதுமானது. அரை மணி, ஒரு மணி என்று நீட்டினால் தோல் மேலும் ஊறிக் கெடும். சேற்றுப்புண் உள்ளவர்கள் பத்து நிமிஷத்தைத் தாண்டலாகாது. பின்னர் குதிகாலின் காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்கலாம். கத்தியால் சீவுதல் கூடாது. உலர்ந்த துணியால் விரல் இடுக்குகள் ஒவ்வொன்றையும் ஈரமின்றித் துடைத்து, குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் தடவ வேண்டும். விரல் இடுக்கில் எண்ணெய் படக்கூடாது. அதன்பின் கால்களைத் தலையணைமீது உயர்த்திக் கால் மணி நேரம் படுத்திருந்தால் வீக்கம் வடியும்.

ஒருவர் பயன்படுத்திய நீரையும் துணியையும் மற்றொருவர் உபயோகிக்கலாகாது. உப்புக் கலந்த அந்நீரைச் செடிகளுக்கு ஊற்றுவதும் தவறு.

மூலிகைகளின் குணம்

களைப்பை நீக்குவதில் பெரும்பங்கு வெந்நீருடையது. இளஞ்சூடு இரத்தக் குழல்களை விரித்துத் தசைநார்களின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. நொச்சியின் வாசனை மனத்துக்கு இதமளிக்கிறது. மருதாணி இலையிலுள்ள லாசோன் என்னும் சாயப்பொருள் பூஞ்சக் கிருமிகளின் வளர்ச்சியை அடக்குவதாக ஆராய்ச்சிச் சாலைகளில் கண்டிருக்கிறார்கள். இலையை அரைத்துச் சேற்றுப்புண்ணில் பூசும் கிராம வழக்கம் காரணமற்றதன்று. ஆயினும் பத்து நிமிஷ ஊறலால் பற்றிய பூஞ்சம் அடியோடு ஒழியும் என்று நம்பலாகாது. அதற்கு க்ளோட்ரிமசோல் போன்ற களிம்பை வைத்தியரின் ஆலோசனைப்படி, அரிப்பு நின்ற பிறகும் சொல்லிய காலம் வரையில் தடவிவர வேண்டும். கடையில் கேட்டவுடன் தரப்படும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை உடனே அடக்கிப் பூஞ்சத்தைப் பரவச் செய்வதால் அவற்றை விலக்குவதே நலம்.

எவர் செய்யலாகாது

நீரிழிவு உள்ளவர்கள் பாதங்களை ஊறவைக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, இந்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள். நாளடைவில் இந்நோய் பாதங்களின் உணர்ச்சியைக் குறைத்துவிடுகிறது. கொதிக்கும் நீரும் இதமாகவே தோன்றும், பொக்குளம் புண்ணாகும், புண் ஆறாமல், முடிவில் காலையே எடுக்க நேரிடுவதும் உண்டு.

உணர்ச்சியற்ற பாதத்தின் அபாயத்தை வேலூரிலேயே தெளிவாக விளக்கிக் காட்டினார்கள். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், குஷ்டரோகிகளின் கால்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமையால் காயத்தின்மேல் காயம் பட்டே அழிகின்றன என்று நிரூபித்தார். உணர்ச்சி இழந்து வறண்ட பாதமுள்ள குஷ்டரோகிகளுக்கு, பச்சைத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து உடனே எண்ணெய் தடவும்படி போதிக்கப்படுவது இக்காரணம் பற்றியே. அங்கே வெந்நீருக்கு இடமில்லை. நீரிழிவுக்காரர்களோ ஊறவைப்பதை விட்டு, தினந்தோறும் கழுவி, இடுக்கு வரையில் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்தோ பிறரைக் கொண்டு பார்த்தோ காயம் இல்லையென்று தெரிந்துகொள்வதே போதுமான பராமரிப்பு.

ஆழ்ந்த புண், சீழ், ஒற்றைக்காலில் திடீரென்று தோன்றிய வீக்கம் ஆகியவை உள்ளவர்களும் இதைச் செய்யாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பூச்சி மருந்து தெளித்து வந்தவர்கள், முதலில் சோப்பும் பச்சைத் தண்ணீரும் கொண்டு உடலைக் கழுவ வேண்டும். சூடேறிய தோல் விஷத்தை அதிகமாக உறிஞ்சுமாகையால் அன்றைய தினம் வெந்நீர் வேண்டாம்.

வரப்பிலேயே மூலிகை

இதற்கு வேண்டிய இலைகளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நொச்சியும் மருதாணியும் மழைக்காலத்தில் போத்து நட்டால் எளிதில் வேர்பிடிக்கும். நொச்சியை ஆடுமாடுகள் அதிகமாகக் கடிப்பதில்லையாதலால் உயிர்வேலிக்கு ஏற்றது. மனைகளாகப் பிரிந்து நிலங்கள் குறைந்துவரும் ஒரகடம் பக்கத்திலும், கொல்லை வேலியில் நான்கு போத்துகளுக்கு இடமிராமற் போகாது. மருந்து தெளித்த வயலின் ஓரத்து இலைகளை மட்டும் பறிக்கலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் இவ்விஷயத்தில் பேருதவி செய்யலாம். நடவு தொடங்குமுன் சேற்று வேலைக்காரர்களின் பாதங்களைக் கிராமச் செவிலியரைக் கொண்டு பார்வையிடச் செய்யலாம். நாற்பது வயதைக் கடந்தவர்களைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். தமக்கு நோய் உண்டென்று அறியாதவரே வெந்நீரில் அஞ்சாமல் கால் வைப்பவர். அவ்வாறு பரிசோதித்தறிந்த வீட்டில், தகப்பனாரும் குமாரனும் மாலையில் தத்தம் பாத்திரத்தில் கால்களை வைத்துச் சற்று நேரம் ஓய்ந்திருப்பதில் அபாயம் இல்லை. மறுநாள் வேலைக்குக் கால்கள் தயாராக இருக்கும்.