வள்ளல் மலைகள் – 11: கொல்லிக்கு என்ன சுமந்து போவது?

முள்ளூர்க் காரி, கொல்லிமலையை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரியைக் கொன்று அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். போன வாரம் அதோடு நிறுத்தினோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் எட்டுக்கை அம்மன் கோயிலும் கொல்லிப் பாவையும் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு மூட்டை குறுக்கே வந்துவிட்டது.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி. மலை அங்கே தொடங்குகிறது. காரவள்ளியிலிருந்து சோளக்காடு போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். ராசிபுரம் பக்கமிருந்து வருபவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலையும் உண்டு. சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கும் நான் அரசுப் பேருந்தைத்தான் சொல்வேன். ஓட்டுநருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். உங்களுக்கோ வேடிக்கை பார்க்க வேண்டும். முன்பக்கம் ஜன்னலோரமாக இடம் பிடியுங்கள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் புரட்டும், நிறைந்த வயிறும் புரட்டும். காரில்தான் போவோம் என்பவர்கள் பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழி விடுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, கடைசி வளைவுகளில் பிடிக்காமல் போகும்.

இப்போது அந்த மூட்டை, பாணர்களின் கருவி மூட்டை. புறநானூற்றின் 152ஆம் பாட்டைப் பள்ளியிலேயே எல்லோரும் கேட்டிருப்போம். ஓரி விட்ட ஒற்றை அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்கிறார் வன்பரணர். அந்த அம்பிலேயே நாம் நின்றுவிடுகிறோம். அடுத்த வரிகளுக்கு வாருங்கள். காட்டில் அந்த வேட்டுவனைக் கண்டதும், இவன் ஓரிதானோ என்று பாணர் கூட்டத்துக்குத் தோன்றிவிடுகிறது. தலைவன் தன் ஆட்களுக்கு உத்தரவு போடுகிறான்: முழவுக்கு மண் பூசுங்கள், யாழில் பண்ணை நிறுத்துங்கள், தூம்பை ஊதுங்கள், எல்லரியை வாசியுங்கள், ஆகுளியைத் தட்டுங்கள், பதலையை மட்டும் ஒரு பக்கத்தில் மெல்ல இயக்குங்கள். ஆறு கருவிகள்! கச்சேரிக்கு முன்னால் பக்கவாத்தியக்காரர்களிடம் பாடகர் சொல்லும் குறிப்பு அது, பாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பதலைக்காரன் அன்று கொஞ்சம் ஓங்கித் தட்டுகிறவனாக இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டு முடிந்து ‘கோ’ என்று அழைத்ததும், புகழைக் கேட்டு நாணுகிறான் ஓரி. வேட்டையில் கிடைத்த இறைச்சியையும், குடிக்க மதுவையும், தன் மலையில் பிறந்த பொன்னையும் கொடுத்து அனுப்புகிறான்.

இந்த ஆறையும் அவர்கள் மலையில் எப்படித் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்? தொடரைத் தொடங்கிய நாளிலிருந்தே பாணர்களின் சுமை என்னைப் பிடித்து ஆட்டுகிறது. முந்தைய வாரங்களில் பறம்பு மலையில் கேட்டேன், பொதினி மலையில் கேட்டேன். விடை மலைபடுகடாமின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடி நூல். செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் கூத்தர்களை ஆற்றுப்படுத்துவது. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று எல்லாக் கருவிகளையும் பைகளில் போட்டு, கா என்னும் சுமைக்கம்பின் இரு பக்கமும் எடை சமமாக வரும்படி கட்டித் தொங்கவிட்டார்களாம். பார்ப்பதற்குப் பலா மரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்கள்போல இருந்ததாம்.

சோளக்காட்டில் பேருந்தை விட்டு இறங்குங்கள். பலா பருவத்தில் போனால் சாலையோரம் முழுக்கப் பலாப்பழம்தான்; கூடவே அன்னாசி, மலைவாழை, மிளகு. ஒரு பெரியவர் பலாப்பழங்களை மூங்கில் கம்பின் இரு முனையிலும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பழம் சிறியதாக இருக்கவே, அதை அவிழ்த்து வாழைத்தார் ஒன்றையும் சேர்த்துக் கட்டினார். “சமமா இருந்தாத்தானுங்க தோளு தாங்கும். இல்லாட்டி மேடு ஏறுறப்ப ஆளையே சாய்ச்சிப்புடும்” என்றார். கம்பைத் தோளில் வைத்து, நடுவிடம் கிடைக்கும்வரை இரண்டு விரற்கடை முன்னும் பின்னும் நகர்த்தினார். பிறகு சரசரவென்று நடந்துவிட்டார். மலைபடுகடாமுக்கு எத்தனை உரை படித்தாலும் கிடைக்காதது எனக்கு அந்தக் கம்பில் கிடைத்தது.

ஆகவே, சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். இரு தோளிலும் மாட்டும் பை ஒன்று போதும். அதில் ஒரு ஸ்வெட்டர், மார்கழி, தை என்றால் மங்கி குல்லாவும்; பிடிமானமுள்ள செருப்பு, தண்ணீர், டார்ச். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கூட்டமாக ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வருகிறார்கள். தயவுசெய்து அதைக் கீழேயே விட்டுவிடுங்கள். பதலையையே மெல்ல வாசிக்கச் சொன்ன மலை இது.

செம்மேடுதான் மலையின் மையம். அறை, சாப்பாடு, உள்ளூர்ப் பேருந்து எல்லாம் அங்கே கிடைக்கும். ஓரியின் சிலையும் அங்கேதான். கோட்டை மதில் பார்க்கும் ஆசையோடு வருபவர்களுக்கு இங்கே வேலையில்லை. ஓரியின் நாடு இன்றும் நாடுகளாகத்தான் பிரிந்து கிடக்கிறது: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு, திண்ணனூர் நாடு. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்கள் கதையைச் சொல்கிறார்கள். அதைக் கேட்க ஒரு பகல் போதாது. இரண்டு இரவாவது தங்குங்கள்.

வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் கோயில். தேவார மூவர் காலத்திலேயே பேர் சொல்லப்பட்ட வைப்புத்தலம். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இந்த ஈசனை விளித்துத்தான் ஒவ்வொரு பாட்டையும் முடிக்கிறது. அறுத்த மீன்கள் மீண்டும் பொருந்தி ஓடையில் துள்ளின என்பது தலக்கதை. இன்றும் அந்த ஓடை மீன்களுக்குப் பொரி போடுகிறார்கள்.

கோயில் அருகிலிருந்து ஆகாய கங்கைக்குப் படிகள் இறங்குகின்றன, ஆயிரத்துக்கும் மேல். ஐயாறு அங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. விழுந்த தண்ணீர் அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கம் ஓடுகிறது. காலையிலேயே இறங்கிவிடுங்கள். இறங்குவது சுலபம், ஏறும்போது முழங்கால் பேசும். மூட்டுவலிக்காரர்களும் இதய நோயாளிகளும் கோயிலோடு நின்றுகொள்வது நல்லது. மலைபடுகடாம் இதற்கும் யோசனை வைத்திருக்கிறது. இருட்டில் நடக்காதே, விடிந்தபின் போ. பாசி மூடிய பாறை காலை வழுக்கிவிடும், ஓரத்து மூங்கில் கோலையும் கோரையையும் பிடித்துக்கொண்டு போ. தினைப்புனத்தில் யானை விரட்டும் கவண்கல் வரும், மரத்தை மறைவாக வைத்துக்கொண்டு போ. கவண்கல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஆகாய கங்கைக்கு அப்படியே பொருந்தும். கோலுக்குப் பதில் இப்போது கைப்பிடிக் கம்பி. மழைக்காலத்தில் வெள்ளம் பார்த்துக் குளிக்கத் தடை போடுவார்கள். அப்போது காவலரிடம் வாதாடாமல் மாசிலா அருவிக்கோ நம்மருவிக்கோ போங்கள்.

சாப்பாட்டு விஷயம் தனி வாரம் கேட்கும். முடவாட்டுக்கால் சூப் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அது பாறையிலும் மரத்திலும் படரும் பெரணியின் கிழங்கு. மேலே பழுப்பு ரோமம், சுரண்டினால் உள்ளே பச்சை. மூட்டுவலி போகும் என்று சொல்லித்தான் விற்பார்கள்; மருந்தை நிறுத்திவிட்டு இதை நம்பாதீர்கள், ருசிக்காகக் குடியுங்கள். அதைவிட, சாமைச் சோறு கிடைக்குமா என்று கேளுங்கள். வெள்ளப்பெருஞ்சாமை, கருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, சடஞ்சாமை என்று இந்த மலையில் சாமையிலேயே பல வகை. ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்து சாமைக் காடுகளைத் தின்றது. உரலில் குத்திக் குத்திப் பெண்களும் ஓய்ந்து போனார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்து, உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்த பிறகே சாமைக்குக் கொஞ்சம் உயிர் திரும்பியது. ஊர்க்காரர்களிடமே ஒரு கிலோ வாங்கி வாருங்கள். திரும்பும் பையில் கனக்க வேண்டியது அதுதான்.

ஆடி 17, 18இல் ஓரி விழா. மக்களைப் பார்க்க வேண்டுமென்றால் அப்போது வாருங்கள். அமைதி வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தள்ளிவிடுங்கள். அருவிக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை நல்ல காலம்.

எட்டுக்கை அம்மனும் கொல்லிப் பாவையும் அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் கிளம்புகிறவர்கள், செம்மேட்டில் இறங்கியதும் கீழே போகும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முதல் வேலையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.