வீட்டோடு வரும் பள்ளிக்கூடம்

அக்கரைக் குடித்தனம் – 14

"அண்ணா, நேப்பர்வில்லா ஷாம்பர்க்கா? சுத்தி வளைக்காம சொல்லுங்க" என்று போனில் கேட்டார் ஒரு தம்பி. கணவன், மனைவி இருவருக்கும் மென்பொருள் வேலை. சிகாகோ நகருக்குள் வாடகை வீடு. மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இல்லினாய் மாநிலத்தில் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் ஐந்து வயது நிரம்பிய குழந்தையைக் கிண்டர்கார்டனில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குள் இப்படி ஒரு புறநகரில் வீடு வாங்கிக் குடியேறிவிட வேண்டும் என்பது திட்டம். எக்செல்லில் பட்டியலே போட்டு வைத்திருந்தார். அலுவலகத்துக்கு எத்தனை நிமிடம், அரோரா பாலாஜி கோயிலுக்கு எத்தனை மைல், இந்தியக் கடை எங்கே, பள்ளிக்கு எத்தனை மதிப்பெண். "பத்துக்கு ஒன்பது இல்லைன்னா அந்த ஊரே வேண்டாம்ணா" என்றவர், கடைசியில் இன்னொன்றும் சேர்த்தார். "எல்லாப் பிள்ளைங்களும் கலந்து படிக்கிற இடமா இருக்கணும்."

இரண்டு ஆசையும் நியாயமானவை. அந்தப் பத்துக்கு ஒன்பது என்ற எண் இரண்டுக்குமே உதவாது என்பதைத்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. போனில் சொல்லி முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. விசா எதுவானாலும், விசாவே இல்லாவிட்டாலும் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1982லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நன்கொடை, சிபாரிசு, விடிய விடிய விண்ணப்பத்துக்கு வரிசை எதுவும் இல்லை. ஆனால் எந்தப் பள்ளி என்பதை வீட்டு முகவரி தீர்மானிக்கிறது. இல்லினாயில் மட்டும் 850 அளவில் பள்ளி டிஸ்ட்ரிக்டுகள் உண்டு. நம் கலெக்டர் ஆளும் மாவட்டம் போல நினைத்துவிட வேண்டாம். சில டிஸ்ட்ரிக்டுகள் ஒரு சிற்றூர் அளவுதான். ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகக் குழு, தனி வரி. வீட்டின் மதிப்பில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2 சதவீதம் சொத்து வரி கட்டுகிற மாநிலம் இது. புறநகர்களில் அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கே போய்விடும். விலை உயர்ந்த வீடுகள் உள்ள ஊரில் பள்ளிக்கு நிறையப் பணம் சேரும். பள்ளி நன்றாக இருக்கிறது என்பதால் வீட்டு விலை இன்னும் ஏறும். கட்டணம் இல்லாத பள்ளிக்கு, வீட்டுக் கடன் வழியாக முப்பது வருடம் கட்டணம் செலுத்துகிறோம்.

இது தானாக நேர்ந்ததல்ல. பள்ளிகளில் கறுப்பு, வெள்ளை என்று பிரிப்பது சட்ட விரோதம் என்று 1954ல் தீர்ப்பு வந்தது. சொத்து வரியால் பள்ளிகளுக்குள் வரும் ஏற்றத்தாழ்வை அரசியல் சட்டம் தடுக்கவில்லை என்று 1973ல் இன்னொரு தீர்ப்பு. டெட்ராய்ட் நகரத்துப் பிள்ளைகளையும் சுற்றியுள்ள 53 புறநகர் டிஸ்ட்ரிக்டுகளின் பிள்ளைகளையும் கலக்கும் திட்டம் செல்லாது என்று 1974ல் மூன்றாவது தீர்ப்பு. பின்னிரண்டும் 5க்கு 4 என்ற கணக்கில் வந்தவை. ஒரே ஒரு நீதிபதி மாற்றி யோசித்திருந்தால் அந்தத் தம்பியின் எக்செல் பட்டியலில் பாதிக் கட்டங்கள் தேவைப்பட்டிருக்காது. 2017ல் இல்லினாய் தன் நிதிப் பங்கீட்டைத் திருத்தி, மிகவும் பின்தங்கிய டிஸ்ட்ரிக்டுகளுக்குப் புதிய பணத்தில் முதலிடம் தந்தது. இடைவெளி குறைகிறது, மூடவில்லை.

இனி அந்த மதிப்பெண்ணுக்கு வருவோம். வீடு தேடும் இணையதளங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே பள்ளியின் பெயரும் ஒன்று முதல் பத்து வரை ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண்ணில் தேர்வு மதிப்பெண்களுக்குப் பெரும் பங்கு. தேர்வு மதிப்பெண்ணோ பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டி ஏறி இறங்குவது. ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடு முழுக்க உள்ள டிஸ்ட்ரிக்டுகளின் தேர்வு முடிவுகளைச் சேர்த்து ஆராய்ந்தவர். பிள்ளைகள் எந்த மட்டத்தில் இருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் குடும்ப வசதியைப் பொறுத்தது. ஒரு வருடத்தில் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதற்கும் வசதிக்கும் தொடர்பு மிகக் குறைவு. பள்ளியின் கைவண்ணம் தெரிவது இந்த இரண்டாவதில்தான். 2017ல் வந்த அவருடைய ஆய்வில் ஒரு செய்தி பலரைத் தூக்கிவாரிப் போட்டது. சிகாகோ நகரப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஐந்து வருடங்களில் ஆறு வருடப் படிப்பு அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். நாட்டின் பெரிய டிஸ்ட்ரிக்டுகளில் அப்படி வேறு இல்லை. பள்ளி சரியில்லை என்று நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் காலி செய்துகொண்டு போகிற அதே சிகாகோ!

புறநகர் ஒன்பதுகளில் இன்னொரு கலப்படமும் உண்டு. பிளாசாவுக்குப் பிளாசா இருக்கும் கூமான் பயிற்சி மையத்தையும் கணக்கு டியூஷனையும் சனிக்கிழமை காலையில் எட்டிப் பாருங்கள். அங்கே பெற்றோர் கட்டுகிற காசும் அந்தப் பள்ளியின் எண்ணில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

வீட்டு ஏஜெண்டிடம் கேட்கலாமே என்பீர்கள். "நம்ம ஆளுங்க அதிகமா இருக்கிற ஏரியா எது?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார். 1968ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டப்படி, இனம் பார்த்து வாடிக்கையாளரை ஓர் இடத்துக்குத் திருப்பிவிடுவது சட்ட விரோதம். பள்ளி நல்லதா கெட்டதா என்றுகூட வாய் திறக்கப் பல ஏஜெண்டுகள் தயங்குகிறார்கள். அந்தச் சட்டம் ஏன் வேண்டியிருந்தது என்று அறிய, தம்பியின் பட்டியலில் இல்லாத ஓர் ஊரைச் சொல்கிறேன்.

ஓக் பார்க். சிகாகோவின் மேற்கு எல்லையை ஒட்டி, சுமார் 54,000 பேர் வாழும் ஊர். அங்கிருந்து நகர மையத்துக்கு ரயிலில் போகலாம். ஹெமிங்வே பிறந்த ஊர் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். நான் சொல்ல விரும்புவது பெர்சி ஜூலியனைப் பற்றி. சோயாவிலிருந்து ஹார்மோன்கள் தயாரிக்க வழி கண்ட பெரிய வேதியியலாளர், கறுப்பினத்தவர். 1950ல் அங்கே வீடு வாங்கினார். குடிபுகுமுன்பே வீட்டுக்குத் தீ வைக்க முயன்றார்கள். அடுத்த ஆண்டு டைனமைட் வீசினார்கள். அவர் அசையவில்லை.

ஓக் பார்க்குக்குக் கிழக்கே, ஒரு சாலையைத் தாண்டினால் சிகாகோவின் ஆஸ்டின் பகுதி. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அங்கே ஏஜெண்டுகள் வெள்ளையர் வீட்டுக் கதவைத் தட்டி, "கறுப்பர்கள் வருகிறார்கள், விலை விழுமுன் விற்றுவிடுங்கள்" என்று பயமுறுத்தினார்கள். அப்படி அடிமாட்டு விலைக்கு வாங்கிய வீட்டைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு அதிக விலைக்கு விற்றார்கள். சில ஆண்டுகளில் பகுதியே ஆள் மாறிப்போனது. அடுத்தது ஓக் பார்க் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அந்த ஊர் வேறு வழியில் போனது. 1968ல் சொந்தமாகவே ஒரு வீட்டு உரிமைச் சட்டம் இயற்றியது. 1972ல் பாபி ரேமண்ட் என்ற பெண்மணி வீட்டு வசதி மையம் ஒன்றைத் தொடங்கினார். வாடகைக்கு வீடு கேட்டு வரும் வெள்ளையருக்கு ஆஸ்டினை ஒட்டிய கிழக்குப் பகுதி வீடுகளையும், கறுப்பினத்தவருக்கு ஊரின் மற்ற பகுதி வீடுகளையும் காட்டுவது அதன் வேலை. எங்கே வேண்டுமானாலும் போகலாம், கட்டாயம் கிடையாது. 'வீடு விற்பனைக்கு' என்ற பலகை தெருவெங்கும் தென்பட்டால் பீதி பரவும் என்று பலகைக்கே தடை போட்டார்கள். நியூ ஜெர்சியின் வில்லிங்பரோ ஊர் போட்ட அதே மாதிரித் தடையை 1977ல் உச்ச நீதிமன்றம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று தள்ளிவிட்டது. அதன் பிறகும் ஓக் பார்க் ஏஜெண்டுகள் நெடுங்காலம் தாங்களாகவே பலகை வைக்காமல் இருந்தார்கள். ஆள் பார்த்து வீடு காட்டுவது சரியா என்று எனக்கு இன்றும் நெருடல் உண்டு. ஆனாலும் ஊர் கலந்தே நிலைத்தது. 1985ல் அங்கே ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் பெர்சி ஜூலியனின் பெயரையே வைத்தார்கள்.

இத்தோடு நிறுத்தினால் ஓக் பார்க்கின் விளம்பரத் தூதர் ஆகிவிடுவேன். 2018ல் ஸ்டீவ் ஜேம்ஸ் என்ற இயக்குநர் அந்த ஊரின் உயர்நிலைப் பள்ளியைப் பற்றிப் பத்துப் பகுதிகளாக 'அமெரிக்கா டு மீ' என்று ஓர் ஆவணத் தொடர் எடுத்தார். ஒரே வாசல் வழியாக வருகிற பிள்ளைகள், மணி அடித்ததும் வேறு வேறு அறைகளுக்குப் பிரிந்து போகிறார்கள். 'ஹானர்ஸ்', 'ஏபி' எனப்படும் மேல்நிலை வகுப்புகளில் பெரும்பாலும் வெள்ளையர். சாதாரண வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகள் அதிகம். ஊரைக் கலந்தவர்களால் வகுப்பறையைக் கலக்க முடியவில்லை. 2022ல்தான் ஒன்பதாம் வகுப்பில் பல முக்கியப் பாடங்களை எல்லோருக்கும் ஹானர்ஸ் தரத்தில் ஒரே வகுப்பாக மாற்றினார்கள். எதிர்ப்பு இல்லாமல் இல்லை.

வடக்கே இருக்கும் எவன்ஸ்டனின் கதை வேறு. 1967லேயே தொடக்கப் பள்ளிகளைக் கலந்த ஊர் என்று அதற்குப் பெருமை உண்டு. கலப்பதற்காகப் பேருந்து ஏறிப் போனவர்கள் பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகள். அவர்கள் தெருவில் இருந்த பள்ளி அக்கம்பக்கப் பள்ளியாக இல்லாமல் போனது. அந்தப் பகுதிக்கு மீண்டும் ஒரு பள்ளி கட்டலாம் என்று முடிவெடுக்க 2022 ஆயிற்று. பன்மை என்று கேள்விப்பட்டால், அதற்காக நடந்து தேய்ந்த கால்கள் யாருடையவை என்றும் கேட்க வேண்டும்.

அப்படியானால் நேப்பர்வில் கூடாதா? தாராளமாகப் போகலாம். நல்ல பள்ளிகள், நல்ல நூலகம், தமிழ்ப் பேச்சுத் துணை, இட்லி மாவு கிடைக்கும் கடை. முதல் முறை பிள்ளை பெற்ற, அம்மா அப்பா கடல் தாண்டி இருக்கிற ஒரு பெண்ணுக்குப் பக்கத்து வீட்டில் தமிழ் பேசுகிற அக்கா ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று எனக்குத் தெரியும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே சில பகுதிகளில் இணையதளத்தில் மாணவர்களின் இனங்களைக் காட்டும் வட்டப்படம் பல வண்ணத்தில் இருக்கும், வகுப்பிலோ தெலுங்கு, தமிழ், குஜராத்தி, சீனம் என்று எல்லாக் குழந்தைகளின் அப்பா அம்மாவும் ஏதோ ஒரு கம்பெனியில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். வண்ணம் பல, வாழ்க்கை ஒன்று. இதைக் கலப்பு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எனவே தம்பி, எண்ணை மூடி வைத்துவிட்டு மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் ரிப்போர்ட் கார்டைத் திறங்கள். அதில் வளர்ச்சி என்ற பகுதியைத் தேர்ச்சிக்கு முன்னால் படியுங்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களின் வளர்ச்சி எப்படி என்று பாருங்கள். அவர்களுக்கு நன்றாகச் சொல்லித்தரும் பள்ளி உங்கள் மகளுக்கும் சொல்லித்தரும். ஆசிரியர்கள் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கிறார்களா, பிள்ளைகள் அடிக்கடி வராமல் இருக்கிறார்களா என்ற விவரமும் அதிலேயே உண்டு. உயர்நிலைப் பள்ளி என்றால், மேல்நிலை வகுப்புகளில் எந்த இனத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், யாரை அதிகம் சஸ்பெண்ட் செய்கிறார்கள் என்பதை மத்திய கல்வித் துறை திரட்டும் புள்ளிவிவரத்தில் பார்க்கலாம்.

பிறகு பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டம் ஒன்றுக்குப் போய் உட்காருங்கள். குழுவினர் சம்பளம் இல்லாமல் தேர்தலில் நின்று வந்தவர்கள். ஹெச்1பி விசாவில் இருக்கும் உங்களுக்கு ஓட்டு இல்லை, எழுந்து பேசும் உரிமை உண்டு. எங்கள் பள்ளியில் இந்தப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள், இதற்கு இன்னது செய்யப் போகிறோம் என்று சபையில் பேசுகிற ஊரை நான் நம்புவேன். எல்லாம் பிரமாதம் என்று மட்டுமே சொல்கிற ஊரில் கொஞ்சம் யோசிப்பேன்.

இன்னொன்று. சேர்க்கையின்போது வீட்டில் பேசும் மொழி எது என்று படிவத்தில் கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் குழந்தையைத் தனியே உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதும் பெற்றோர் பலரைக் கண்டிருக்கிறேன். வேண்டாம். ஆங்கிலத் திறனைச் சோதிப்பார்கள், தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்றுத் தருவார்கள், அவ்வளவுதான். ஆங்கிலம் பழகும் நிலையில் ஒரே தாய்மொழிப் பிள்ளைகள் ஒரு பள்ளியில் 20 பேர் இருந்தால் அந்த மொழியிலும் உதவ ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது இல்லினாய் விதி. எல்லோரும் ஆங்கிலம் என்றே எழுதினால் அந்தக் கணக்கு எப்படிச் சேரும்?

மூன்று வயதுக் குழந்தைக்காக முப்பது வருடக் கடனில் இப்போதே இறங்க வேண்டாம் என்பது என் கட்சி. பிடித்த ஊரில் முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். வாடகைதாரர் பிள்ளைக்கும் அதே பள்ளிதான், அதே ஆசிரியர்தான். பூங்காவிலும் நூலகத்திலும் பெரிய பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேசுங்கள். எந்த இணையதளத்தையும்விட அதிகமாகச் சொல்வார்கள்.

பிறகு வாங்குவதென்றால், அஞ்சல் முகவரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். நேப்பர்வில் என்று முகவரி உள்ள வீடு 203ஆம் டிஸ்ட்ரிக்டிலும் இருக்கலாம், 204லும் இருக்கலாம், தெற்கே சில தெருக்கள் பிளெயின்ஃபீல்டின் 202க்குள்ளும் போகும். ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள்ளும் எல்லைகளை அவ்வப்போது மாற்றி வரைவார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்குப் போன் செய்து, வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் சொல்லி, எந்தப் பள்ளி என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)